நகைக்கடைப் பையும் மூன்று பாராட்டு விழாக்களும்

சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. மீன், கறி, முட்டை எதுவும் படியேறக் கூடாது. முன்பணம் வாங்கும்போதே வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டார். "வெளியில என்ன வேணா சாப்பிட்டுக்குங்கம்மா, அது உங்க இஷ்டம். இந்த வீட்டு அடுப்புல மட்டும் வேணாம்."

நான் கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். என் அம்மா இன்றைக்கும் அங்கே கருவாடு காயவைத்து விற்கிறாள். இருந்தாலும் நன்றாகத் தலையாட்டினேன். அண்ணாமலை நகரில் நாங்கள் நடத்தும் ஜெராக்ஸ் கடை அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தண்ணீர் கரிக்காது. மகளின் பள்ளி வேன் வாசலுக்கே வரும். இத்தனைக்கும் முன்னால் ஒரு வாளைக் கருவாடு என்ன பெரிசு என்று நினைத்தேன். ஒரு மாதம் நினைத்தேன்.

வீட்டுக்காரருக்கு சைனஸ். வருஷம் முழுக்க அவர் மூக்கு அடைத்தே இருக்கும். கீழ்வீட்டில் காலையும் மாலையும் சாம்பிராணி வேறு. அந்த மூக்கையும் அந்தச் சாம்பிராணியையும் நம்பித்தான் நாங்கள் அங்கே நாலைந்து வருஷம் குடித்தனம் நடத்தினோம். என் கணவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம். எல்லாம் சாப்பிடுவார், எதற்கும் வாய் திறக்க மாட்டார். இந்த ஏற்பாட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் புராணச் சொற்பொழிவு நடத்தும் சபைக்கு அவர்தான் தலைவர். எங்கள் தெருவில் தர்மம் என்ற சொல்லை அதிகம் செலவழித்தவரும் அவர்தான். மோட்டாரை நிறுத்த மறந்தால் அது தர்மம் இல்லை. செருப்பைப் படியில் விட்டால் அதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுக் கடலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். அம்மா வழக்கம்போல வாளையும் நெத்திலியுமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். பேப்பரில் சுருட்டி, பிளாஸ்டிக் கவர் இரண்டு போட்டு, மேலே ஒரு துணிப்பை. யார் கல்யாணத்துக்கோ நகை எடுத்தபோது கடையில் கொடுத்த பை. அரக்கு நிறத்தில் தங்க எழுத்துப் போட்டிருக்கும். அம்மாவைப் பொறுத்தவரை அது கெட்டிப் பை, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் இறங்கினேன். மற்ற பைகள் எல்லாம் என்னோடு இறங்கின. நகைக்கடைப் பை மட்டும் சீட்டுக்குப் பின்னாலேயே போய்விட்டது. அடுப்பு மூட்டிய பிறகுதான் தெரிந்தது. "போனா போவுது" என்றார் கணவர். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த வாளை அம்மா எனக்கென்று தனியாக எடுத்து வைத்தது.

மறுநாள் காலை வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் அதே ஆட்டோ. டிரைவர் கிள்ளைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும். பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். வீட்டுக்காரர் தோட்டத்தில் நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தார். நான் படியில் ஓடி இறங்கினேன்.

டிரைவர் என் கையில் பையைத் திணித்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "யக்கா, வண்டியே நாறிப்போச்சுக்கா. காலையில ஏறுன ரெண்டு சவாரியும் மூக்கப் புடிச்சிக்கினு எறங்கிட்டாங்க."

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்றேன்.

அதற்குள் வீட்டுக்காரர் பூக்கூடையோடு வந்துவிட்டார். அவர் கண் பையின் தங்க எழுத்தில் நின்றது. பிறகு என் முகத்தில். எனக்கு வியர்த்திருந்தது.

"ஏம்மா, ஆட்டோவுல விட்டுட்டியா?"

"ஆமா சார். எங்கம்மா குடுத்து அனுப்புனது."

"அம்மா குடுத்ததா!" அவர் குரல் தழுதழுத்தது. டிரைவரின் தோளைத் தொட்டார். "தம்பி, நீ பையைப் பிரிச்சுப் பாத்தியாப்பா?"

"பிரிக்கவே வேணாம் சார். தூக்கும்போதே தெரிஞ்சிடுச்சு" என்றார் டிரைவர்.

உண்மையைத்தான் சொன்னார். வீட்டுக்காரர் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார். டிரைவரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். கையில் பையோடு என்னையும் நிற்கவைத்தார். நான் பையை முடிந்த அளவு அவர் மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் தெரு வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. சாயங்காலம் கடைக்கு வந்தவர்கள் என்னை விசாரித்தார்கள். முதலில் அது ஒரு சங்கிலியாக இருந்தது. அடுத்த நாள் ஆரமும் வளையலும் சேர்ந்தன. அந்த வாரக் கடைசியில் அது என் மகளின் கல்யாணத்துக்கு என் அம்மா சேர்த்து வைத்த மொத்த நகை ஆகிவிட்டது. என் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?" என்று ஒரு பேராசிரியர் என்னைக் கேட்டார். "இன்னும் வரன் வரல சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இல்லை, நகை இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த கேள்வி, அப்புறம் பையில் என்னதான் இருந்தது என்பது.

வீட்டுக்காரரின் சபை டிரைவருக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தது. இதைக் கேட்டுத்தான் பாய் எங்கள் கடைக்கு வந்தார். டிரைவர் ஓட்டுகிற ஆட்டோ பாயுடையது. பள்ளிவாசல் கமிட்டியிலும் அவர் இருந்தார். நாங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, இதுல நான் ஒண்ணும் போட்டிக்கு வரல. ஆனா வண்டி நம்மளது. அந்தப் புள்ள சின்ன வயசுல படிச்சதும் நம்ம ஆளுங்க நடத்துன ஸ்கூல்லதான். அடுத்தவங்க பொருள் நம்ம கையில இருந்தா அது அமானிதம்மா. அத பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும்னு அங்கதான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அவனும் அப்டியே குடுத்திட்டான். மாஷா அல்லா. அப்போ மொத மாலை யார் போடணும், நீங்களே சொல்லுங்க."

அவர் போன சூடு ஆறுவதற்குள் போதகர் வந்தார். டிரைவரின் மனைவி அவருடைய ஜெப வீட்டுக்குப் போகிறவர். டிரைவரும் இரண்டொரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம், மனைவியை அழைத்துப் போக வந்தவர், மழை விடட்டும் என்று.

"சிஸ்டர், அந்த மனுஷனை நீதிமானா மாத்தினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி எத்தனை வருஷமா முழங்கால்ல நின்னிருக்காங்க! நீங்க வந்து சபையில ஒரு சாட்சி சொல்லணும். பை எப்படித் தொலைஞ்சிச்சு, உங்க மனசு என்ன பாடுபட்டுச்சு, அது திரும்ப வந்தப்போ எப்படி இருந்துச்சு, அவ்வளவுதான்."

திரும்ப வந்தபோது வறுத்துச் சாப்பிட்டோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் கடையில் ஆராய்ச்சி மாணவர்களின் புத்தகங்களை பைண்டிங் செய்து, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுப்போம். அறம், தர்மம், நீதி என்று ஒவ்வொரு வருஷமும் நாலைந்து தடிமனான புத்தகங்கள் வரும். சமயங்கள் எல்லாம் முடிவில் ஒன்றையே சொல்லுகின்றன என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஒட்டும்போது படித்திருக்கிறேன். ஒன்றையே சொல்வதால்தான் சண்டை வருகிறது என்று எனக்கு அந்த மாதம் புரிந்தது. வேறு வேறு சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே முதல் பிளக்ஸ் வந்தது. "கலியுக தர்மவான்" என்று கொட்டை எழுத்து. டிரைவரின் படத்தில் நெற்றி நிறைய விபூதி. அவர் விபூதி பூசி நான் பார்த்ததில்லை. இரண்டாவது பிளக்ஸ் "அமானிதம் காத்த அன்புச் சகோதரர்". அதே படம், நெற்றியை மட்டும் துடைத்துவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் அதே முகத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டையும் டையும் வந்திருந்தன. "நீதிமானுக்கு வாழ்த்துக்கள்." மூன்றையும் அடித்தது ஒரே ஸ்டுடியோக்காரர். அந்த மாதம் சிதம்பரத்தில் மூன்று மதங்களையும் சமமாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் டிரைவரின் பிழைப்பு கெட ஆரம்பித்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் "நீங்கதானே அந்த நல்லவர்?" என்று கேட்டுவிட்டுப் பாதி வாடகை நீட்டினார்கள். நல்லவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவரோடு டீ குடிப்பதை நிறுத்தினார்கள். "ஒன்னால நாங்கல்லாம் திருடனாயிட்டோம் மச்சான்" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம். இதெல்லாம் போதாதென்று, சில பேர் சோதித்துப் பார்ப்பதற்காகவே பர்ஸையும் செல்போனையும் சீட்டில் விட்டுவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் அவர் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது பிளக்ஸைக் கட்டிய அன்றைக்குத்தான் தகராறு. கயிற்றை இரண்டாவது பிளக்ஸின் கம்பத்தில் கட்டினார்கள். அது சாய்ந்து முதல் பிளக்ஸை மறைத்தது. "கழட்டு" என்றார்கள். "கழட்ட மாட்டோம்" என்றார்கள். தள்ளுமுள்ளு. நான் கடைக்குப் பேப்பர் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தேன். மூன்று பக்கமும் ஆட்கள் நியாயம் எங்கள் பக்கம் என்று கத்தினார்கள். கத்தியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பக்கத்தில் நிஜமாகவே கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்போது கம்பம் சரிந்து, கீழே நின்ற ஆட்டோவின் முன்கண்ணாடி மேல் விழுந்தது. அது தர்மவானும் நீதிமானும் அமானிதம் காத்தவருமான அவருடைய ஆட்டோ.

அவர் டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து தன்னுடைய மூன்று முகங்களையும் பார்த்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"யக்கா, உண்மையச் சொல்லிடுங்கக்கா. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். நகை இல்லீங்கன்னா, பாரு எவ்வளவு அடக்கம்னு கையத் தட்றாங்க."

"சொன்னா வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவாரு தம்பி."

"ஒங்களுக்கு வீடு. எனக்கு வண்டிக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தகராறு ஸ்டேஷன் வரை போய்விட்டது. பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் மூன்று தரப்பையும், டிரைவரையும், நகைக்குச் சொந்தக்காரி என்று என்னையும் மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். வீட்டுக்காரரின் மனைவி அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கு வந்தது வாளையா, சுறாவா?"

"அம்மா..."

"அவருக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கு. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"இத்தன வருஷமாத் தெரியுமா?"

"நீங்க குடிவந்த ரெண்டாவது மாசத்துலேர்ந்து தெரியும். அவர்கிட்ட சொன்னா என்ன ஆகும்? வீட்டக் கழுவு, பாத்திரத்தக் கழுவு, ஓமம் பண்ணுன்னுவாரு. கழுவப்போறது யாரு? நான்தானே." ஒரு வேட்டியை உதறினார். "சாம்பிராணி எதுக்கு ரெண்டு வேளையும் அவ்வளவு போடறேன்னு நெனச்ச? சாமிக்குன்னா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்று, "நாளைக்கு ஸ்டேஷன்ல என்ன கேக்கறாங்களோ அதச் சொல்லிடு. அந்தப் புள்ள பாவம்" என்றார்.

ஸ்டேஷனில் மூன்று நாற்காலிதான் இருந்தது. வீட்டுக்காரர், பாய், போதகர் மூவரும் உட்கார்ந்தார்கள். யாருக்காக வந்தார்களோ அவர் சுவரோரம் நின்றார். நானும் நின்றேன். யார் விழாவை முதலில் நடத்துவது என்று மூவரும் தனித்தனியாக விளக்கினார்கள். ஒருவர் பேசும்போது மற்ற இருவரும் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள், கேட்டு முடித்ததும் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் டிரைவர் ஏதோ சொல்ல வந்தார். "நீ இருப்பா" என்று மூவருமே ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தக் காலையில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

இன்ஸ்பெக்டர் சலித்துப்போய் என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. என்ன நகை? பில் இருக்கா?"

"நகை இல்ல மேடம்."

"பின்ன?"

"கருவாடு."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "என்னா கருவாடு?" என்றார், எழுதுவதற்கா ஆசையாலா தெரியவில்லை.

"வாளை சார். கொஞ்சம் நெத்திலி."

வீட்டுக்காரரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. போதகர்தான் முதலில் தேறினார். "நல்லது. அற்பமான பொருளாக இருந்தும் திருப்பிக் கொடுத்திருக்கிறாரே, அதில்தான் நீதி இன்னும் பிரகாசிக்குது."

"கருவாடா இருந்தாலும் அமானிதம் அமானிதம்தான்" என்றார் பாய். அவர் மனதார நம்பிச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"கருவாட்டை எப்படிங்க மேடையில..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் முடிக்கவில்லை. தர்மத்தில் கருவாட்டுக்கு எந்த இடம் என்று அவர் அதுவரை யோசித்திருக்க மாட்டார்.

அப்போது டிரைவர் சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். "மேடம், நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். நாத்தம் தாங்கல, அதான் கொண்டுபோய்க் குடுத்தேன். தூக்கிப் போட்றலாம்னுதான் பாத்தேன். அந்த அக்கா வீடு சவாரி போற வழியில இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"நகையா இருந்திருந்தாலும் நீ குடுத்திருப்பப்பா" என்றார் பாய் அன்பாக.

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "தெரியாது பாய். குடுத்திருப்பேன்னுதான் நெனைக்கறேன். ஆனா இது வரைக்கும் யாரும் என் வண்டியில நகைய விடல. விட்டாத்தான் தெரியும்."

அந்த அறையில் அதைவிட நேர்மையான பேச்சு யாரும் பேசவில்லை. அது யாருக்கும் பிடிக்கவுமில்லை. மூவரின் முகமும் ஒரே மாதிரி சுருங்கியது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். வீட்டுக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். இன்ஸ்பெக்டர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலுக்குள் குனிந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது.

மூன்று பிளக்ஸும் அன்றைக்கே இறங்கின. ஆட்டோ கண்ணாடியை யார் போட்டுக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பெருமையை ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கே விட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் வண்டி தன்னுடையது என்பதால் பாயே மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து என்னைக் கீழே கூப்பிட்டார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. ரொம்பக் களைத்துப்போய் இருந்தார்.

"கருவாடுகூடப் பரவாயில்லம்மா. என்கிட்ட பொய் சொல்லிட்டியே."

"நகைன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லலியே சார்."

அவர் யோசித்தார். உண்மைதான் என்று அவருக்கே பட்டது. "இல்லைன்னும் நீ சொல்லலியேம்மா" என்றார். அதுவும் உண்மைதான். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, வேண்டுமென்றே உருட்டியது போல.

"ரெண்டு மாசம் டைம் எடுத்துக்கோங்க" என்றார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எனக்கு உங்க மேல கோவம் இல்ல. வீட்டுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் சரிங்க சார் என்று எழுந்தேன். அந்த மனிதரைக் கேலி செய்ய எனக்கு எத்தனையோ காரணம் இருக்கிறது, வெறுக்க ஒன்றும் இல்லை.

கிள்ளை போகும் ரோட்டில் வேறு வீடு கிடைத்தது. தண்ணீர் உப்பு. வேன் வராது. அடுப்புக்கு நிபந்தனை கிடையாது. காலி செய்கிற அன்றைக்கு அந்த டிரைவரைத்தான் கூப்பிட்டேன். தெரிந்தவரிடம் லோடு ஆட்டோ ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். அவர்கள் மறுபடியும் அவரோடு டீ குடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. சாமான் எல்லாம் ஏறியது. பீரோவைப் படியில் இறக்கும்போது மட்டும் நிறுத்திவிட்டு வந்தார்.

"யக்கா, பேசும்போது பீரோ சொல்லல நீங்க."

"வீடு காலி பண்ணா பீரோ இல்லாமலா இருக்கும் தம்பி?"

"மாடி வேற. படி திரும்புற எடம் குறுகல். சேத்துப் போட்டுக் குடுங்க."

"போன மாசம் ஊரே ஒங்கள நல்லவருன்னு சொல்லிச்சே!"

"அது போன மாசங்க்கா" என்று சிரித்தார். "இப்போ சொல்லுங்க, எவ்வளவு தரீங்க?"

வெயிலில் நின்று ஒரு கால் மணி நேரம் பேரம் பேசினோம். அவர் கேட்டது நியாயத்துக்குக் கொஞ்சம் அதிகம். நான் சொன்னது ரொம்பக் குறைச்சல். நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் இரண்டு பேரும் நின்றோம், பீரோ இறங்கியது.